பிரசங்க மேடைக்கு வெளியே: ஆசியாவின் பொதுநிலையினர் மையங்கள்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும் சபையாரில் வழக்கறிஞர் இருக்கிறார், பஞ்சாலைத் தொழிலாளி இருக்கிறார், வங்கி எழுத்தர் இருக்கிறார், ஆசிரியை இருக்கிறார். திங்கட்கிழமை அவர்கள் நுழைகிற நீதிமன்றத்திலும் ஆலையிலும் வங்கியிலும் பள்ளியிலும் விசுவாசத்துக்கு என்ன வேலை? பிரசங்க மேடை இதற்குப் பதில் சொல்வது கடினம். சொன்னாலும் அந்தத் தொழிலை வெளியிலிருந்து பார்ப்பவரின் பதிலாகவே அது இருக்கும். அந்தக் கேள்விக்கென்று தனியாக ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்தவைதான் பொதுநிலையினர் (குருக்கள் அல்லாத சபையார்) பயிற்சி மையங்கள். சில நாட்கள் தங்கி, சேர்ந்து உண்டு, ஜெபித்து, தொழிலையும் அரசியலையும் குடும்பத்தையும் பற்றி மனம்விட்டுப் பேசும் வீடுகள் இவை. ரிட்ரீட் மையம், அகாடமி, ஆசிரமம் என்று நாட்டுக்கு நாடு பெயர் மாறும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் இவை வேகமாகப் பரவின. 1960-களில் ஆசியாவில் வேர்விட்டன; 1970-களின் தொடக்கத்தில் நாடுகளைக் கடந்த ஒரு வலையமைப்பாகவும் சேர்ந்தன. அந்த வலையின் பல கண்ணிகள் இன்று தளர்ந்துவிட்டன. இந்த அரை நூற்றாண்டு முயற்சி எதைச் சாதித்தது, எங்கே தேங்கியது, இனி யாருக்கு அது தேவை என்பவற்றைப் பார்க்கிறது இக்கட்டுரை.

போரின் இடிபாடுகளிலிருந்து

முன்னோடி சுவீடனில் இருந்தது. மான்ஃப்ரெட் பியோர்க்விஸ்ட் 1917-இல் தொடங்கிய சிக்துனா நிலையம் திருச்சபைக்கும் கல்வியாளர், எழுத்தாளர், தொழிலாளர் இயக்கத்தாருக்கும் இடையே பாலமாக இருந்தது. 1942 மே மாத இறுதியில், ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர் ஆங்கிலேயப் பேராயர் ஜார்ஜ் பெல்லை இரகசியமாகச் சந்தித்ததும் சிக்துனாவில்தான். பகை நாட்டார் இருவர் உட்கார்ந்து பேச ஓர் இடம் இருந்தது என்பதே அந்த ஊரின் பெருமை.

ஆனால் இயக்கத்துக்கு வடிவம் கொடுத்தது ஜெர்மனி. போர் முடிந்து ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், 1945 செப்டம்பர் 29 அன்று பாட் போல் என்ற சிற்றூரில் எபர்ஹார்ட் முல்லர் ஒரு கூடுகையை நடத்தினார். அழைக்கப்பட்டவர்கள் சட்டத் துறையினரும் பொருளாதாரத் துறையினரும். நாஜி ஆட்சி பெரும்பாலும் சட்டத்தின் பெயரால், படித்தவர்களின் கையெழுத்தோடு நடந்த ஆட்சி. ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போன நீதிபதி திங்கட்கிழமை அநியாயத் தீர்ப்பை எப்படி எழுதினார் என்ற கேள்வியைத் திருச்சபையால் இனித் தவிர்க்க முடியவில்லை. பாட் போல் பிறந்தது அந்தக் குற்ற உணர்விலிருந்து.

முல்லர் கண்ட முறை எளிமையானது. ஒரே தொழிலைச் சேர்ந்தவர்களை, அல்லது ஒரு சிக்கலின் இரு தரப்பாரை, சில நாட்கள் ஒரே கூரையின்கீழ் தங்கவைப்பது. முதலாளியும் தொழிற்சங்கத்தாரும் ஒரே மேசையில் உண்பது. காலை ஜெபம் உண்டு. அதில் கலந்துகொள்ளக் கட்டாயம் இல்லை. முடிவில் தீர்மானம் எதுவும் நிறைவேற்றப்படாது. தீர்மானம் கிடையாது என்பதால்தான் கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் துணிந்து பேசினார்கள். லோக்கும், டுட்சிங் என்று மற்ற ஊர்களிலும் அகாடமிகள் எழுந்தன. 1963 ஜூலையில் டுட்சிங் மேடையில்தான் மேற்கு ஜெர்மானிய அரசியலாளர் ஏகோன் பார், கிழக்கு ஜெர்மனியை நெருங்கிச் செல்வதன் மூலமே அங்கே மாற்றம் கொண்டுவர முடியும் என்ற கருத்தை முன்வைத்தார். சான்சலர் வில்லி பிராண்ட் பின்னர் கையாண்ட கிழக்குக் கொள்கையின் முதல் வரைவு நாடாளுமன்றத்தில் ஒலிக்கவில்லை. ஏரிக்கரையில் இருந்த ஒரு திருச்சபை விடுதியில் ஒலித்தது.

வேறு வடிவங்களும் தோன்றின. ஸ்காட்லாந்தில் ஜார்ஜ் மக்லியாட் 1938-இல் தொடங்கிய அயோனா சமூகம் போதகர்களையும் வேலையற்ற கைவினைஞர்களையும் சேர்த்து ஒரு பழைய மடத்தைக் கட்டியெழுப்ப வைத்தது. இத்தாலிய மலைப் பகுதியில் துல்லியோ வினாய் இளைஞர்களின் கையுழைப்பால் அகாபே மையத்தைக் கட்டினார். போர்க் கைதியாக இருந்து திரும்பிய ரே டேவி 1965-இல் வட அயர்லாந்தில் கொரிமீலாவைத் தொடங்கினார். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டாரும் சுட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் இரு தரப்புக் குடும்பங்களும் சேர்ந்து தங்கிய வீடு அது. ஜெனீவாவுக்கு அருகே பொஸே மாளிகையில், ராக்பெல்லர் குடும்பத்தின் நன்கொடையோடு 1946-இல் திருச்சபை ஒற்றுமைக் கல்வி நிலையம் திறக்கப்பட்டது. அங்கே வேதபாடம் நடத்திய சுசான் டி டீட்ரிக் குரு அல்லர். மின்பொறியியல் படித்த பெண்.

தாம்பரத்தில் தொடங்கிய வாக்குவாதம்

பொஸேயின் முதல் இயக்குநர் ஹென்ட்ரிக் கிரேமர். டச்சுக்காரர், மொழியியலாளர், குருப்பட்டம் பெறாதவர். 1958-இல் வெளிவந்த பொதுநிலையினருக்கான இறையியல் பற்றிய அவரது நூல் இந்த இயக்கத்தின் கையேடு ஆயிற்று. திருச்சபை என்பது குருக்களின் நிறுவனம் அன்று, உலகெங்கும் சிதறிப் பணிபுரியும் மக்களே திருச்சபை என்பது அதன் சாரம்.

இதே கிரேமர் இருபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் வேறொரு வாதத்தின் நடுவில் நின்றவர். 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுக்காக அவர் எழுதிய நூல், கிறிஸ்தவச் செய்திக்கும் பிற சமயங்களுக்கும் இடையே கூர்மையான பிளவைக் காட்டியது. அதை எதிர்த்து, மாநாட்டுக்குச் சற்று முன்பே சென்னையில் ஒரு குழு தன் நூலை வெளியிட்டது. குழுவின் முன்னணியில் இருந்தவர்களில் பி. செஞ்சையா வழக்கறிஞர், புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தவர். வி. சக்கரையும் வழக்கறிஞர், தொழிற்சங்கவாதி, 1941-இல் சென்னை மேயர். இந்திய மண்ணில் கிறிஸ்துவைப் புரிந்துகொள்ள மேற்கத்திய சபை அமைப்பு தேவையா என்ற அளவுக்கு அவர்களின் கேள்வி போயிற்று.

பொதுநிலையினரைத் தட்டியெழுப்ப வேண்டும் என்று ஐரோப்பா 1945-க்குப் பின் கண்டுகொண்டபோது, சென்னையின் பொதுநிலையினர் ஏற்கெனவே விழித்திருந்தார்கள் என்பது இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பக்கம். அவர்களுக்கு நிறுவனம் இல்லை, கட்டடம் இல்லை, வெளிநாட்டு நிதி இல்லை. பத்திரிகையும் வாதத் திறமையும் மட்டுமே இருந்தன.

செஞ்சையாவும் சக்கரையும் நம்பிக்கை வைத்த வடிவம் ஆசிரமம். திருப்பத்தூரில் 1921-இல் எஸ். ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியிருந்தார்கள். இருவரும் மருத்துவர்கள். மக்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். கதர் உடுத்திய சின்னண்ணன் 1932-இல் சென்னையில் போலீஸ் தடியடிக்கு ஆளானார். யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்தில் 1939-இல் கிறிஸ்தசேவா ஆசிரமம் எழுந்தது. ஆசிரமத்துக்கும் ஐரோப்பிய அகாடமிக்கும் வேறுபாடு தெளிவு. அகாடமிக்கு விருந்தினர் வந்து பேசிவிட்டுப் போவார்கள். ஆசிரமத்தில் ஒரு குழு எளிமையாக வாழும், வருகிறவர் அந்த வாழ்வில் கலந்துகொள்வார். ஆசிய மையங்கள் பின்னாளில் இந்த இரண்டுக்கும் நடுவே அலைந்துகொண்டே இருந்தன.

வலை பின்னப்பட்ட விதம்

ஆசியத் திருச்சபைகளை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்துத் தமிழர் டி. டி. நைல்ஸ். 1957-இல் இந்தோனேசியாவின் பிராப்பாத்தில் உருவாகி, 1959-இல் கோலாலம்பூரில் முறைப்படி தொடங்கிய கிழக்கு ஆசியக் கிறிஸ்தவ மாநாட்டின் முதல் பொதுச் செயலாளர் அவர். 1973 முதல் அது ஆசியக் கிறிஸ்தவ மாநாடு. ஐரோப்பாவையோ அமெரிக்காவையோ கேட்காமல் பெங்களூரும் சியோலும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழியை இந்த அமைப்பு திறந்தது.

அதே 1957-இல் பெங்களூரில் சமயமும் சமுதாயமும் பற்றிய கிறிஸ்தவ ஆய்வு நிறுவனம் தொடங்கியது. சென்னையில் பிறந்த பி. டி. தேவானந்தன் இயக்குநர்; அவருக்குப் பின் எம். எம். தாமஸ். 1963-இல் மார்த்தோமா சபைக் குருவான எம். ஏ. தாமஸ் பெங்களூர் ஒயிட்பீல்டில் திருச்சபை ஒற்றுமைக் கிறிஸ்தவ மையத்தை நிறுவினார். முதலாவது சிந்திக்கும் இடம். இரண்டாவது கூடித் தங்கும் இடம். ஜப்பானில் கிறிஸ்தவ அகாடமி கியோட்டோவில் ஒரு கருத்தரங்க விடுதியை அமைத்தது. கொரியாவில் காங் வொன்-யோங் என்ற போதகர் 1965-இல் கிறிஸ்தவ அகாடமியைத் தொடங்கி, அடுத்த ஆண்டு சியோலின் மலையடிவாரத்தில் அதற்கு வீடு கட்டினார். இலங்கையில் யோகான் தேவானந்த 1957-இல் இப்பாகமுவவில் நிறுவிய தேவசரணாராமய சிங்களக் கிராம வாழ்வோடும் பௌத்த சூழலோடும் கலந்தது.

இவற்றைப் போன்ற மையங்களைச் சேர்த்தே, சமூக அக்கறைக்கான ஆசியக் கிறிஸ்தவ நிறுவனங்களின் சங்கம் 1970-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. ஆப்பிரிக்காவிலும் இதேபோன்ற சங்கம் எழுந்தது. ஐரோப்பாவில் முல்லர் காலத்திலிருந்தே ஒன்று இருந்தது, இன்று அதன் பெயர் ஆய்கோஸ்நெட் ஐரோப்பா. ஆசியச் சங்கம் பெரிய அலுவலகம் அன்று. பயிற்றுநர்களுக்குப் பயிற்சி, இயக்குநர்களின் சந்திப்பு, ஒரு நாட்டின் அனுபவம் அடுத்த நாட்டுக்குப் போதல் ஆகியவையே அதன் வேலை. ஆனால் ஒரு மையத்தின்மேல் அரசு கைவைத்தால் அந்தச் செய்தி எல்லை தாண்டிப் போக இப்படிப்பட்ட தொடர்புகளே வழியாக இருந்தன.

சியோல் காட்டிய வழி

வலையின் எல்லா மையங்களிலும் சியோல் அகாடமியின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. தொடக்கத்தில் அது ஜெர்மன் முறையையே பின்பற்றியது: பேராசிரியர்கள், அமைச்சர்கள், பத்திரிகையாளர்கள், உரையாடல். 1974-இல் திசை மாறியது. மேல்தட்டினரும் அடித்தட்டினரும் பிளவுபட்டுப்போன சமூகத்தில் நடுவே நின்று இயக்கங்களை நடத்தக்கூடிய தலைவர்களை உருவாக்க வேண்டும் என்று காங் முடிவு செய்தார். தொழிற்சங்கத்தார், விவசாயிகள், பெண்கள், இளைஞர்கள், சபையார் என்று பிரிவு பிரிவாகப் பயிற்சி நடந்தது. ஜெர்மன் திருச்சபைகளின் வளர்ச்சி நிதி உதவியது. ஆலைகளில் வேலைசெய்த இளம்பெண்கள் சில நாட்கள் தங்கி, கூட்டம் நடத்தவும் கணக்கு வைக்கவும் தொழிற்சட்டத்தைப் படிக்கவும் கற்றுத் திரும்பினார்கள்.

அதிபர் பார்க் சுங்-ஹீயின் ஆட்சி இதைச் சகிக்கவில்லை. 1979 மார்ச் முதல் பயிற்சியாளர்கள் பொதுவுடைமை எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் கைதுசெய்யப்பட்டார்கள்; சித்திரவதை நடந்தது. கைதானவர்களில் பெண்கள் பிரிவைக் கவனித்த ஹான் மியோங்-சூக் ஒருவர். 2006-இல் அவர் கொரியாவின் முதல் பெண் பிரதமரானார்.

இந்தக் கதையை வெற்றிக் கதையாக மட்டும் படித்தால் பாடம் தவறிவிடும். அகாடமியின் முதல் பத்தாண்டு உரையாடல்களும் மதிக்கத்தக்கவைதான். ஆனால் ஆட்சிக்கு அச்சமூட்டியதும் பின்னாளில் கொரிய ஜனநாயகத்துக்கு ஆள்களைக் கொடுத்ததும் அடுத்த ஐந்தாண்டுப் பயிற்சி. காரணம் ஒன்றே: பயிற்சி பெற்றவர்கள் திரும்பிப் போவதற்கு அவர்களுக்கென்று ஓர் அமைப்பு இருந்தது. சங்கம் அனுப்பி வந்தார்கள், சங்கத்துக்கே திரும்பினார்கள். தனியாளாக வந்து உள்ளம் நெகிழ்ந்து தனியாளாகத் திரும்பும் விருந்தினரிடம் இந்த விளைவை எதிர்பார்க்க முடியாது.

நெருக்கடிநிலையும் சிங்கப்பூரும்

இந்திய மையங்களுக்குச் சோதனை 1975-இல் வந்தது. நெருக்கடிநிலையின்போது பல திருச்சபைத் தலைவர்கள் மௌனம் காத்தார்கள், சிலர் அரசை ஆதரித்தார்கள். எம். எம். தாமஸ் சென்னையிலிருந்து வெளிவந்த கார்டியன் வார இதழில் எதிர்த்து எழுதினார். அவர் குரு அல்லர். ஆனாலும் 1968 முதல் 1975 வரை உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்தியக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். நெருக்கடிநிலை விலகிய 1977-இல் எம். ஏ. தாமஸ் மனித உரிமைகளுக்காக விஜில் இந்தியா இயக்கத்தைத் தொடங்கினார். இந்த எதிர்ப்பு பெரும்பாலும் பேராயர் இல்லங்களிலிருந்து வராமல், மையங்களை நடத்தியவர்களிடமிருந்து வந்தது தற்செயல் இல்லை. சபையின் நிர்வாகப் பொறுப்புக்கு ஒரு படி வெளியே நின்றதால் இழப்பதற்கு அவர்களிடம் குறைவாகவே இருந்தது.

வெளியே நிற்பதன் ஆபத்தும் விரைவில் தெரிந்தது. 1987-இல் சிங்கப்பூர் அரசு திருச்சபைச் சமூகப் பணியாளர்கள் சிலரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைவைத்தது. அந்த ஆண்டு இறுதியில், அங்கிருந்து இயங்கிவந்த ஆசியக் கிறிஸ்தவ மாநாட்டையே நாட்டை விட்டு வெளியேற்றியது. அதன் பணிகள் பல நகரங்களுக்குச் சிதறின. இன்று தலைமையகம் தாய்லாந்தின் சியாங் மாயில் இருக்கிறது.

கத்தோலிக்கரின் பாதை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பரில் பொதுநிலையினரின் பணி பற்றித் தனி ஆணை வெளியிட்டது. இந்தியாவில் அதன் பெரிய விளைவு, டி. எஸ். அமலோர்பவதாஸ் என்ற தமிழ்க் குரு 1967-இல் பெங்களூரில் நிறுவிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம். நாடெங்குமிருந்து வந்த ஆயிரக்கணக்கான குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் அங்கே இந்திய முறை வழிபாட்டையும் விவிலியப் படிப்பையும் கற்றார்கள்.

ஆனால் கத்தோலிக்க மக்களைக் கூட்டமாக ஈர்த்தது வேறு வகை மையம். கேரளத்தில் வின்சென்டியன் சபையார் போட்டாவில் தொடங்கி, பின் முரிங்கூரில் பெரிதாக வளர்த்த தியான மையத்துக்கு வாரந்தோறும் பெருங்கூட்டம் வந்தது. நோய், கடன், குடிப்பழக்கம், குடும்பச் சண்டை ஆகியவற்றோடு வந்தவர்கள் சில நாட்கள் தங்கி ஜெபித்தார்கள். படித்த கிறிஸ்தவர்கள் இதை முகஞ்சுளித்துப் பார்த்தாலும், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மக்கள் தங்கள் செலவிலேயே வந்தார்கள். உரையாடல் மையங்களுக்கு வந்த விருந்தினர்களில் பலருக்குப் பயணச் செலவையும் மையமே கொடுத்தது. குடிக்கு அடிமையான கணவனோடு வாழும் பெண்ணுக்கு உலகமயம் பற்றிய கருத்தரங்கைவிட முரிங்கூர் அருகில் இருந்தது. உரையாடல் மையங்கள் மக்களின் வேதனையைக் கட்டமைப்பின் மொழியில் பேசின. ஜெப மையங்கள் அதைத் தனிவாழ்வின் மொழியில் பேசின. குடியைப் பற்றிக் கேட்கும்போது சாராயக் கடையின் அரசியலையும் சேர்த்துக் கேட்கும் மையங்கள் அரிது.

பணத்தின் கணக்கு

இந்த மையங்கள் தளர்ந்ததற்கு முதல் காரணம் பணம். கட்டடங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு உதவியால் எழுந்தன. அன்றாடச் செலவுக்கும் அதே ஊற்றையே நம்பின. ஜெர்மனியில் திருச்சபை வரி கட்டுவோர் குறையக் குறைய அங்குள்ள அகாடமிகளே ஆள்களைக் குறைத்தன, ஒன்றோடொன்று இணைந்தன. ஸ்காட்லாந்தில் பல சபைகள் சேர்ந்து 1960-இல் டன்பிளேனில் திறந்த இல்லம் 2011-இல் மூடப்பட்டு, பின்னர் ஓட்டலாயிற்று. கனடாவில் நரமட்டா மையம் 2015-இல் நின்றுபோனது.

இந்தியாவில் சட்டமும் இறுகியது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 1976-இல், நெருக்கடிநிலையின் நடுவே பிறந்தது. 2010-இல் புதிதாக எழுதப்பட்டது. 2020-இல் வந்த திருத்தம் மூன்று வகையில் மையங்களைப் பாதித்தது. நிதி டெல்லியில் குறிப்பிட்ட ஒரு பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் வழியாகவே வர வேண்டும். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெற்ற நிதியை வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்றக் கூடாது. வலையமைப்புக்குப் பெரிய அடி கடைசி விதி. பயிற்சி மையத்தில் ஊதியமும் தங்குமிடமுமே பெருஞ்செலவு என்பதால் இரண்டாவது விதியும் லேசானதல்ல.

விளைவாகப் பல மையங்கள் அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கின்றன. கம்பெனிப் பயிற்சிகள், திருமண வரவேற்புகள், பள்ளிச் சுற்றுலாக்கள் வருகின்றன. தோட்டம் பராமரிக்கப்படுகிறது, சமையலறை ஓடுகிறது. பயிற்சித் திட்டம்தான் ஆண்டறிக்கையின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. இதை நிர்வாகிகளின் குற்றம் என்று சொல்வது நியாயமாகாது. பயிற்சிக்குப் பணம் கொடுக்க யாரும் இல்லாதபோது அறைக்குப் பணம் கொடுப்பவரே எசமானர்.

பொதுநிலையினர் யார்?

பணத்தைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. பொதுநிலையினருக்கு அதிகாரம் இல்லை, மையம் அவர்களை எழுப்பும் என்பது இந்த இயக்கத்தின் அடிப்படை நம்பிக்கை. தமிழகத் திருச்சபையில் நிலைமை அப்படி நேர்கோடாக இல்லை. தென்னிந்தியத் திருச்சபையின் பேராய மன்றத் தேர்தல் நடக்கும் பருவத்தில் எந்த ஊரிலும் பார்க்கலாம்: லே செயலர், பொருளாளர், பள்ளித் தாளாளர் பதவிகளுக்கு நடக்கும் போட்டி சட்டமன்றத் தேர்தலுக்குச் சளைத்ததில்லை. சாதிக் கணக்கும் ஊர்க் கணக்கும் வழக்குகளும் சேர்ந்தே வரும். சொத்தின்மேல் பொதுநிலையினருக்கு அதிகாரம் ஏராளம். அந்த அதிகாரம் எதற்காக என்று கேட்கும் பயிற்சிதான் கிடைப்பதில்லை.

எந்தப் பொதுநிலையினர் என்ற கேள்வியும் தொடர்கிறது. மையங்களின் கருத்தரங்குகள் நீண்டகாலம் ஆங்கிலம் அறிந்த, விடுப்பு எடுக்கக்கூடிய நடுத்தர வர்க்க ஆண்களின் இடமாகவே இருந்தன. இயக்குநர் நாற்காலியில் பெரும்பாலும் குருக்கள் அமர்ந்தார்கள். தமிழகத் திருச்சபையில் பெரும்பான்மையான தலித் கிறிஸ்தவர்களின் குரல் வலுவாக ஒலிக்கத் தொடங்கியது 1980-களில். அதற்கு இடம் கொடுத்ததில் மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரிக்குப் பெரும்பங்கு உண்டு. தமிழில் கற்பித்தது, மாணவர்களைச் சேரிகளிலும் கிராமங்களிலும் தங்கிப் படிக்க வைத்தது. மையத்துக்கு மக்களை அழைப்பதற்குப் பதில் மக்கள் இருக்கும் இடத்துக்குக் கல்வி போன பாதை அது. பெங்களூரில் 1971 முதல் இயங்கும் டாஃப்டீ விரிவாக்க இறையியல் கல்விச் சங்கமும் அதே திசையில் போயிற்று: வேலையை விடாமல், வீட்டிலேயே பாடம் படித்து, வாரம் ஒருமுறை உள்ளூரில் கூடுவது. இவை இரண்டுக்கும் மலையடிவார மாளிகை தேவைப்படவில்லை.

இனி என்ன?

அரை நூற்றாண்டைச் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகளுக்கு வரலாம். கட்டடத்தின் அழகோ நிதியின் அளவோ மையத்தின் பயனைத் தீர்மானிக்கவில்லை. மேடைக்கும் அரசுக்கும் ஒரு படி தள்ளி நிற்கும் சுதந்திரம், ஒரு சிக்கலின் இரு தரப்பாரையும் தங்கவைக்கும் துணிவு, வந்தவர் திரும்பிப் போவதற்கு ஓர் அமைப்பு இருப்பது ஆகிய மூன்றும் கூடிய இடங்களில் விளைவு நீடித்தது. முதலாவது மட்டும் இருந்த மையங்கள் நல்ல நூலகங்களாயின. தங்கும் வசதி மட்டும் எஞ்சியவை விடுதிகளாயின.

வலையமைப்பு வேண்டாம் என்பதற்கில்லை. வெளிநாட்டுப் பணம் சுருங்கும் காலத்தில் வலையின் வேலை பணத்தைக் கடத்துவது அன்று, ஆள்களையும் அனுபவத்தையும் கடத்துவது. கொழும்பில் மலையகத் தொழிலாளரோடு பணிபுரிபவரும், திருப்பூரில் பனியன் ஆலைப் பெண்களோடு பணிபுரிபவரும், சியோலில் புலம்பெயர் தொழிலாளரோடு பணிபுரிபவரும் ஆண்டுக்கொருமுறை சந்தித்தால் அதற்குப் பெரிய செலவு ஆகாது.

உள்ளூரில் செய்ய வேண்டியது இதைவிடக் கடினம். பள்ளிக்கும் கல்லூரிக்கும் கோயில் கோபுரத்துக்கும் காணிக்கை கொடுக்கும் சபையார் பயிற்சிக்கும் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவர்களே பாடத்திட்டத்தையும் முடிவு செய்ய வேண்டும். இயக்குநர் பொறுப்பில் செவிலியரும் தொழிற்சங்கத்தாரும் அமர வேண்டும். எத்தனை அறைகள் நிரம்பின என்ற கணக்கை ஓரமாக வைத்து, பயிற்சி முடித்துப் போன குழு ஓராண்டுக்குப் பின் தன் ஊரில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். சக்கரையும் செஞ்சையாவும் கட்டடம் இல்லாமல் தொடங்கினார்கள். கட்டடங்கள் இருந்தும் அவர்களின் கேள்விகளைக் கேட்க ஆளில்லை என்றால், குறை வெளிநாட்டு நிதியிலும் இல்லை, சட்டத்திலும் இல்லை. தன் கல்விக்குத் தானே செலவிட விரும்பாத சபையில்தான் இருக்கிறது.